மணலைத் தட்டிய ஆமை

அந்தக் காலத்தில், கடலும் கரையும் சண்டை பிடிக்காமல் ஒரே பாயில் படுத்திருந்த காலத்தில், எல்லா உயிருக்கும் பேச்சு இருந்தது. ஆனால் எந்தப் பிள்ளைக்கும் நடை தெரியாது. எந்த வருஷம், எந்த ஊர் என்று குறுக்கே கேட்காதீர்கள். கேட்டால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் கதை மறந்துபோகும்.

பிறந்த பிள்ளை பிறந்த இடத்திலேயே கிடக்கும். குருவிக் குஞ்சானாலும் சரி, நண்டுக் குஞ்சானாலும் சரி, மனுசப் பிள்ளையானாலும் சரி, போட்டது போட்டபடி கிடந்து மேலே பார்த்துக்கொண்டிருக்கும். யாராவது பக்கத்தில் இருந்து, இந்தக் காலை எடு, அந்தக் காலை வை என்று சொல்லித் தந்தால்தான் நகரும். பெற்றவர்களுக்கோ இரை தேடவே பொழுது சரியாக இருந்தது. அவர்களுக்கு நடக்கத் தெரியும், சொல்லித் தரத் தெரியாது. தெரிவது வேறு, தெரிவிப்பது வேறு இல்லையா?

சிவப்பு மணல்மேடான தேரி முடிந்து வெள்ளை மணல் தொடங்குகிற ஒரு கரையில் பேராச்சி என்று ஓர் ஆமை இருந்தாள். கடல் ஆமைதான், ஆனால் பாதி நாள் கரையில் இருப்பாள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஒரு பழமொழி சொல்லுவார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அவர்கள் வாயை நான் மூட முடியுமா? பேராச்சி புகுந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் உருப்பட்டார்கள். ஏனென்றால் ஒரு பிள்ளையை ஒரு தடவை புரட்டிப் பார்த்தாலே போதும், அந்த உடம்புக்கு எந்த நடை பொருந்தும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

நண்டு தன் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவள் முன்னால் கொட்டினான். ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கால், எட்டும் ஒன்றோடொன்று இடறிச் சிக்கிக் கிடந்தது.

"நேரா நடக்கச் சொன்னா கால்ல முடிச்சு விழுதுக்கா," என்றான் நண்டு, அழாத குறையாக.

"நேராத்தான் நடக்கணும்னு யாரு தம்பி சொன்னா? ஊரு நேரா போனா நாமளும் நேரா போகணுமா? பக்கவாட்டில விட்டுப் பாரு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு... ஆ, அப்படித்தான் என் ராசா!"

நண்டுக் குஞ்சுகள் பக்கவாட்டில் பறந்தன. நண்டு பின்னாலேயே ஓடினான்.

உள்ளான் குருவி தன் குஞ்சுகளோடு வந்தாள். அவற்றுக்குக் கால் ஈர்க்குச்சி மாதிரி இருந்தது. "இதுகளை நிக்கச் சொன்னா முறிஞ்சிரும்," என்றாள் பேராச்சி. "ஓடச் சொல்லுவோம். அலை போச்சுன்னா பின்னாலயே ஓடணும், வந்துச்சுன்னா முன்னால ஓடணும். அலையை ஜெயிக்கவும் கூடாது, அதுக்கிட்டத் தோக்கவும் கூடாது, கண்ணுகளா." இன்றைக்கும் கடற்கரைக்குப் போனால் பாருங்கள், அதே பாடத்தைத்தான் ஒப்பித்துக்கொண்டிருக்கும்.

கணவாய் மீன் குஞ்சுக்குப் பின்பக்கமாகப் போகச் சொல்லித் தந்தாள். உடம்பு நிறையத் தண்ணீரைப் பிடித்து முன்னால் பீச்சினால் உடம்பு பின்னால் பாயும். "பின்னால போனா போற இடம் தெரியாதே?" என்று அதன் அம்மா சண்டைக்கு வந்தாள். "வந்த இடம் தெரியுமில்லா? அது போதும்," என்று வாயை அடைத்துவிட்டாள் பேராச்சி.

மனுசர்களும் வந்தார்கள். கரையில் குடிசை போட்டு மீன் காயவைக்கிற அலங்காரி தன் மூத்தவள் சந்தனமாரியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பேராச்சிக்கு அலங்காரியைப் பிடிக்கும். அவளுக்கு ஊர்ப்பட்ட வாய், ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். பேராச்சி பிள்ளையின் இரண்டு கையையும் தன் ஓட்டின் விளிம்பில் வைக்கச் சொன்னாள். பிறகு மெல்ல முன்னால் நகர்ந்தாள். ஓட்டைப் பிடித்துக்கொண்டு சந்தனமாரி ஓரடி வைத்தாள், ஈரடி வைத்தாள், பொத்தென்று உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். எட்டாம் நாள் ஓட்டை விட்டுவிட்டு நேராக அம்மாவிடம் ஓடினாள். அலங்காரி பிள்ளையை வாரி எடுத்து முத்தம் கொடுத்த சத்தம் கடலில் நின்ற ஓடம் வரைக்கும் கேட்டது.

பேராச்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். நடை சொல்லித் தருகிறவளின் பாடு இதுதான். நடக்கத் தெரிந்த பிள்ளை முதல் காரியமாக, சொல்லித் தந்தவளை விட்டுவிட்டுப் போகும். போகத்தானே நடை! அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் சாயங்காலம் கரை வெறிச்சோடிக் கிடக்கும்போது, எந்தப் பிள்ளை எந்தத் திசையில் போயிற்றென்று மணலில் கிடக்கும் தடங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எனக்கென்று நாலு பிறந்தால் விளையாடிவிட்டு என்னிடமே திரும்பி வருமே என்று நினைப்பாள்.

ஒரு நாள் நண்டின் கடைக்குட்டி, பாடம் முடிந்தும் போகாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்தே, எல்லாருக்கும் நல்ல நல்ல நடையா சொல்லித் தாறீங்க. நீங்க மட்டும் ஏன் அத்தே இப்படி இழுத்துக்கிட்டுப் போறீங்க?"

பேராச்சி சிரித்தாள். "எனக்கு இதுதாண்டா வந்துச்சு. ஓடிப் போயி விளையாடு," என்றாள்.

சிரித்தாளே தவிர, சொல் சுருக்கென்று தைத்துவிட்டது. உண்மைதானே? இடக்கையும் வலக்காலும் ஒரு தள்ளு, வலக்கையும் இடக்காலும் ஒரு தள்ளு, வயிறு மணலில் உரச உரச ஒரு தவழல். அவளுக்குத் தெரிந்த நடைகளிலேயே மட்டமான நடை அதுதான். அதைக் கற்றுக்கொள்ள இதுவரை ஒருவரும் வந்ததில்லை. அன்றைக்கே அவள் மனசுக்குள் ஒரு சத்தியம் செய்துகொண்டாள். எனக்குப் பிறக்கிற பிள்ளை என்னை மாதிரி இழுத்துக்கொண்டு போகக் கூடாது. இந்தக் கரையில் உள்ள எல்லா நடையும் அதற்கு வர வேண்டும்.

மாசி பிறந்தது. பேராச்சியும் பிள்ளைத்தாய்ச்சி ஆனாள். பட்டப்பகலில் மேட்டு மணலுக்கு ஏறி, பின்காலால் குழி தோண்டி, நூறு முட்டை இட்டு மூடினாள். மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். அன்றையிலிருந்து வேறு பிள்ளைகளுக்குப் பாடம் கிடையாது.

"தண்ணிக்குள்ள வந்து உடம்பை நனைச்சிட்டாவது போடி," என்று கடலாத்தா கூப்பிட்டாள். கடலாத்தா என்றால் கடல்தான். அப்போது அவளுக்கும் பேச்சு இருந்தது.

"நான் போன நேரம் பார்த்துப் பிள்ளைக வந்துட்டா?" என்றாள் பேராச்சி. நாற்பத்தைந்து நாள் அசையவில்லை. ஓடு காய்ந்து வெடித்தது. அலங்காரிதான் தினமும் மீன் கழுவப் போகும்போது ஒரு குடம் தண்ணீரை அவள் முதுகில் ஊற்றிவிட்டுப் போவாள்.

பங்குனி பாதியில், வெயில் ஏறுகிற நேரத்தில், மணலுக்குள் முட்டை ஓடு விரிசல் விடும் சத்தம் கேட்டது. பேராச்சி பதறிப்போய் மணலைத் தள்ளி ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். நூறு பிள்ளைகள்! உள்ளங்கையில் அடங்குகிற நூறு பிள்ளைகள் மணலில் கிடந்து அவளை அண்ணாந்து பார்த்தன. எத்தனை பிள்ளைக்குச் சொல்லித் தந்தவள், தன் பிள்ளையைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வதென்று தெரியாமல் திகைத்து நின்றாள்.

பிறகு பாடம் தொடங்கினாள். அங்கேதான் புத்தி பிசகிவிட்டது.

"நீங்க இருபது பேரும் பக்கவாட்டில போங்க. நீங்க உள்ளான் மாதிரி ஓடுங்க. நீங்க தத்தித் தத்திக் குதிங்க. நீங்க எழும்பி நின்னு நடங்க. அப்புறம் மாத்தி மாத்திச் சொல்லித் தாறேன்."

ஆமைக் குஞ்சு பக்கவாட்டில் போகுமா? புரண்டு மல்லாந்தது. எழுந்து நிற்குமா? மூக்கு மணலில் குத்திற்று. விழுந்ததைத் தூக்கிவிட ஓடினாள். அதற்குள் இன்னொன்று விழுந்தது, அதற்கு ஓடினாள். அவள் போகிற பக்கமெல்லாம் மற்றவை கழுத்தை நீட்டி அவளையே பார்த்தன. கடல் முப்பது அடி தூரத்தில் இருந்தது. அவள் கண்ணில் பட்டதில் ஒன்றுகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவற்றுக்குக் கடல் எது, யார் என்று என்ன தெரியும்? அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாதான்.

வானத்தில் ஒரு செம்பருந்து வட்டமிட்டது. வெள்ளை மணலில் ஆமையின் கரிய ஓடு அதற்கு நன்றாகத் தெரிந்தது. ஓட்டைச் சுற்றி ஏதோ நெளிவதும் தெரிந்தது. ஒன்று இறங்கிற்று, பின்னால் பத்து இறங்கிற்று, அதற்குப் பின்னால் ஊர்க் காக்கை முழுக்க வந்துவிட்டது.

"கடலுக்குப் போங்க! ஐயோ, என்னைப் பார்க்காதீங்க, கடலுக்குப் போங்க!" என்று கத்தினாள். அவள் கத்தக் கத்த, அம்மா கூப்பிடுகிறாள் என்று பிள்ளைகள் அவளை நோக்கியே உருண்டு புரண்டு வந்தன.

அலங்காரி துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டு நாலா பக்கமும் வீசினாள். பறவைகள் கலைந்தபோது மணல் காலியாகக் கிடந்தது. அதை நான் விவரித்துச் சொல்ல மாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள்.

பேராச்சி அழவில்லை. கண் காய்ந்துபோயிருந்தது. அலங்காரிதான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"மதினி, இங்க பாரேன். இது என்ன தடம்?"

குழியின் பின்பக்கத்திலிருந்து, ஒருவரும் பார்க்காத ஓரமாக, ஒரு சின்னத் தடம் கடலை நோக்கிப் போயிருந்தது. இந்தப் பக்கம் ஒரு கீறல், அந்தப் பக்கம் ஒரு கீறல், நடுவே வயிறு உரசின கோடு. சற்று முன்னால் பேராச்சி போட்ட தடம் பக்கத்திலேயே கிடந்தது. இரண்டும் ஒன்றேதான், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. பாடம் சொல்ல நேரம் கிடைக்காமல் பின்னால் விட்டுப்போன ஒரு குஞ்சு, அம்மா அங்கும் இங்கும் ஓடியதைப் பார்த்து, அவள் போகிற மாதிரியே தானும் போயிருக்கிறது. நூறில் ஒன்று.

பேராச்சி அந்தத் தடத்தின் மேல் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். "என் நடைடி அலங்காரி, என் இழுப்பு நடை," என்று மட்டும் சொன்னாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்த அழுகை கடலுக்குள் போகும் வரைக்கும் நிற்கவில்லை.

அந்த வருஷம் முழுக்க அந்த ஒரு பிள்ளையைத் தேடினாள். எதிரே வருகிற ஒவ்வொரு குட்டி ஆமையிடமும், "ஏ கண்ணு, நீ எந்தக் கரை?" என்று கேட்பாள். பிறந்ததும் போன பிள்ளைக்குக் கரையின் பெயரா தெரியும்? எல்லாம் விழித்துவிட்டுப் போயின.

மறு மாசி வந்தது. மறுபடியும் வயிறு கனத்தது. பேராச்சி கடலாத்தாவிடம் போய், "இந்தத் தடவை எனக்குப் புத்தி வந்துடுச்சு ஆத்தா. என் நடையைத்தான் சொல்லித் தருவேன். பக்கத்துல இருந்து சொல்லித் தருவேன்," என்றாள்.

"பக்கத்துல நீ இருந்தா அதுக உன்கிட்டத்தான் வரும், என்கிட்ட வராது," என்றாள் கடலாத்தா. "உன் ஓடுதான் பருந்துக்கு அடையாளம், அதையும் மறந்துட்டியா? முட்டையை இடு, மூடு, வந்துரு. உன் கண்ணுல ஈரம் இருக்கிற வரைக்கும்தான் உனக்குக் கரை. கண்ணு காயுறதுக்குள்ள தண்ணிக்குள்ள இருக்கணும்."

"அப்போ நடை யாரு சொல்லித் தருவா?"

ஓர் அலை வந்து போயிற்று.

பேராச்சி ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள். நண்டு தலையைச் சொறிந்தான். "எனக்குப் பக்கவாட்டில போகத்தான் தெரியும்க்கா. அதுவும் நீங்க என் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பார்த்ததுதான்." உள்ளான், "நாங்க பங்குனி வெயில் ஏறினா வடக்கே புறப்பட்டுருவோமே அக்கா, எந்த நாள் பொரியும்னு காத்துக்கிட்டிருக்க முடியாதே," என்றாள். எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்கு நடை தந்தவள்! அவள் பிள்ளைக்கு நடை தர ஒருவரும் இல்லை. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவர்களுக்கு இயலாத காரியம் அது.

முட்டையிட வேண்டிய நாளும் வந்துவிட்டது. மேட்டு மணலுக்கு ஏறினாள். அங்கே அலங்காரி கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இரண்டாவது பிள்ளை வயிற்றில், நிறை மாதம். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடந்திருந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், அசைந்தால் கலகலவென்று சத்தம்.

பேராச்சி முட்டைகளை இட்டாள். இந்தத் தடவையும் நூறு. குழியை மூடவே கை வரவில்லை.

"அலங்காரி, மூடிட்டேன்னா அவ்வளவுதான். அதுக முகத்தை நான் பார்க்க முடியாது. அதுக எப்படி வரும்? எப்படிப் போகும்? போட்டது போட்டபடி கிடந்து எனக்காகப் பார்த்துக்கிட்டே இருக்குமேடி."

அலங்காரி முட்டி பிடித்து, மூச்சு வாங்க அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் வயிற்றைத் தடவிக்கொண்டாள். வளையல் குலுங்கிற்று. வயிற்றில் பிள்ளை ஓர் உதை விட்டது.

"பார்த்தியா இவளை?" என்றாள் அலங்காரி. "வளையல் சத்தம் கேட்டாப் போதும், உதைக்கிறா. ஏழாம் மாசம் எதுக்கு வளையல் போடுதாக? வயித்துல இருக்கிற பிள்ளைக்குக் காது திறந்துரும், அம்மா சத்தம் கேட்டு வளரட்டும்னுதானே..." சொல்லிக்கொண்டே வந்தவள் மூடாத குழியைப் பார்த்தாள்.

பேராச்சியும் அவளைப் பார்த்தாள்.

"முட்டைக்குள்ள கேக்குமாடி?"

"வயித்துக்குள்ள கேக்கும்போது மண்ணுக்குள்ள கேக்காதா மதினி?"

பேராச்சி மளமளவென்று மணலைத் தள்ளிக் குழியை மூடினாள். அதன் மேல் ஏறி நின்றாள். கண்ணில் ஈரம் இருந்தது, ஆனால் வெயில் கடுமையாக இருந்தது. ஒரு பாடம் சொல்லத்தான் நேரம் உண்டு.

எதைச் சொல்வது? பருந்துக்குப் பயப்படச் சொல்வதா? அலையில் மூச்சுப் பிடிக்கச் சொல்வதா? என் பெயர் பேராச்சி, நான்தான் உங்கள் அம்மா, எங்கே போனாலும் என்னைத் தேடி வாருங்கள் என்று சொல்வதா? அதைத்தான் சொல்ல ஆசையாக இருந்தது. பொய் எதற்கு, அதை மட்டுமே சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் என்னைத் தேடு என்று சொன்னால் என்ன ஆகும் என்று போன வருஷம் பார்த்தாயிற்று. ஆசையை விழுங்கிக்கொண்டாள்.

இடப்பக்கம் சாய்ந்து ஓட்டால் மணலைத் தட்டினாள். வலப்பக்கம் சாய்ந்து தட்டினாள். தொம், தொம். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. தொம், தொம். தனக்கு வெட்கமாக இருந்த நடை, ஒருவரும் கேட்டு வராத நடை. முழு உடம்பையும் தூக்கித் தூக்கிப் போட்டுத் தட்டினாள். மணல் அதிர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அலங்காரியின் வயிறு வரைக்கும் அந்த அதிர்வு போயிற்று. வளையல்கள் தாமாகவே குலுங்கின. பேராச்சி அழுதுகொண்டே தட்டினாள். அழுதால்தானே கண் காயாமல் இருக்கும், இன்னும் நாலு தட்டு கூடத் தட்டலாமே! மணல் கண்ணில் ஒட்டிற்று. துடைக்கவில்லை.

"பேராச்சி! போதும், வா!" என்று கடலாத்தா கூப்பிட்டாள்.

கடைசியாக ஒரு முறை, தொம், தொம். பிறகு திரும்பினாள். குழியைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். திரும்பிப் பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

கடலுக்குள் நாற்பத்தைந்து நாள் அவள் சாப்பிட்டாளோ தூங்கினாளோ, எனக்குத் தெரியாது. பறவை தொட்டுக் குஞ்சு பொரிக்கும், மீன் பார்த்துப் பொரிக்கும், ஆமை நினைத்தே பொரிக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா? வேறென்ன செய்வாள் அவள், தொட முடியாது, பார்க்க முடியாது. இன்றைக்குக் கால் முளைத்திருக்கும், இன்றைக்குக் கண் திறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே கிடந்தாள்.

நாள் வந்தது. பேராச்சி அலை உடைகிற இடத்துக்கு அப்பால், தண்ணீருக்கு அடியில் வந்து நின்றாள். மூக்கைக்கூட வெளியே நீட்டவில்லை. கரையில் அலங்காரி, பிறந்து பத்து நாளான பெண் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, துடுப்பும் கையுமாகக் காவல் உட்கார்ந்திருந்தாள்.

பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் மேட்டு மணல் கொதிக்கிற உலை மாதிரி அசைந்தது. ஒருவரும் தோண்டவில்லை. ஒருவரும் தூக்கி வைக்கவில்லை. ஒரு தலை வந்தது, பத்துத் தலை வந்தது, மொத்தப் பிள்ளைகளும் வந்துவிட்டன. சுற்றுமுற்றும் பார்த்தன. அங்கே அம்மா இல்லை. பார்க்க யாரும் இல்லாததால் வெளிச்சம் மின்னுகிற தண்ணீரைப் பார்த்தன. பிறகு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு...

"மதினி! வருது மதினி! எல்லாம் உன்னை மாதிரியே வருது!" என்று அலங்காரி எழுந்து நின்று கூவினாள். பருந்து சிலதைத் தூக்கத்தான் செய்தது, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் மற்றவையெல்லாம் வரிசை குலையாமல் வந்து தண்ணீரில் விழுந்தன.

விழுந்தவை பேராச்சியின் தலைக்கு மேலே நீந்திப் போயின. ஒவ்வொன்றையும் பார்த்தாள். வயிறு தெரிந்தது, தள்ளுகிற சின்னக் கைகள் தெரிந்தன. ஒரு குரல் கொடுத்தால் போதும், எல்லாம் நின்றுவிடும். அவளைச் சுற்றி மொய்த்துக்கொள்ளும். அம்மா என்று கூப்பிடும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஒரே இடத்தில் மொய்த்து நிற்கிற குஞ்சுகளுக்கு என்ன நடக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

அவள் கூப்பிடவில்லை.

கடைசியாக வந்த ஒன்று அவள் ஓட்டின் விளிம்பில் முட்டிற்று. சந்தனமாரி பிடித்து நடந்த அதே இடத்தில், பிடித்துக்கொள்வது போல ஒரு கணம் நின்றது. பிறகு பாறை என்று நினைத்ததோ என்னவோ, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு என்று தள்ளிக்கொண்டு மற்றவர்களின் பின்னால் போய்விட்டது. பேராச்சி அது போன தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதைப் பார்த்த மற்றத் தாய்மார்களும் சும்மா இருப்பார்களா? அவரவர் நடையை அவரவர் முட்டைக்கும் வயிற்றுக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். கரையில் நடை பழக்குகிற வேலையே இல்லாமல் போயிற்று.

அலங்காரி மட்டும் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. தன் இரண்டாவது பெண்ணுக்குப் பேராச்சி என்று பெயர் வைத்தாள். எட்டாம் மாதம் அந்தப் பிள்ளை, பிடித்து நடக்க ஆமை ஓடு இல்லாத வீட்டில், ஒருவரும் சொல்லாமலே குப்புற விழுந்து, இந்தக் கையும் அந்தக் காலும் மாற்றி மாற்றி வைத்து, வாசல் வரைக்கும் போனது. சந்தனமாரி அப்படிப் போனதில்லை. அதற்கு முன்னால் எந்த மனுசப் பிள்ளையும் அப்படிப் போனதில்லை. அலங்காரி பார்த்துவிட்டு, "அடியே மதினி, என் பிள்ளையும் உன் பாடத்தைக் கேட்டுட்டாடி!" என்று கடலைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளை வழி வந்தவர்கள்தான் நாம் எல்லாரும்.

ஆண்டுகள் ஓடின. ஓட்டில் முட்டிவிட்டுப் போன அந்தக் குஞ்சு பெரிய ஆமை ஆனாள். வயிறு கனத்தபோது, காரணம் தெரியாமல் ஒரு கரை அவளை இழுத்தது. எத்தனையோ கடல் தாண்டி, பருந்து தூங்கிய பிறகு, இருட்டில் கரையேறி அதே மேட்டு மணலுக்கு வந்தாள். பிறக்கும் முன்னே தன்னைத் தட்டிக் கூப்பிட்டது யார் என்று தேடினாள். அங்கே யாரும் இல்லை. மணல்தான் இருந்தது. குழி தோண்டினாள், முட்டையிட்டாள், மூடினாள். அப்புறம் அவளுக்குத் தெரிந்த ஒரே பாடத்தை அவளும் தட்டினாள்.

அன்று முதல்தான் மனுசப் பிள்ளை நடக்கும் முன்னே தவழ்கிறது. அன்று முதல்தான் தாய் ஆமை தான் பிறந்த மணலையே தேடி வந்து, முட்டைகளை மூடி, அதன் மேல் இடமும் வலமுமாய் ஆடி ஆடித் தட்டி, கண்ணில் வழிகிற நீரைத் துடைக்காமல், திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போகிறது.